பூனைகள் ஆடிய ஊர்

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சிரிப்பு வந்துவிடும். "உன்னை அங்கேதான் கொண்டுபோய் விடவேண்டும்" என்று பிள்ளைகளைக் கேலி செய்யாத வீடு நம் நாட்டில் உண்டா? 1911-ஆம் ஆண்டு முதல் மனநோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவமனை அங்கே இருக்கிறது. அந்த ஊருக்கு வேறு சிறப்பே இல்லாதது போல நாம் பேசிவருகிறோம்.

எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. எங்கள் தோட்டத்தில் அதை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் அத்தை. அத்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஜப்பானுக்குப் போய் வருவோம், வாருங்கள்.

என் மகன் புக்குவோக்கா நகரில் வேலை பார்க்கிறான். 2025 மார்ச் மாதம் அவனிடம் போயிருந்தேன். "அம்மா, செர்ரிப் பூ பூக்கப் போகிறது, எங்கே போகலாம்?" என்று கேட்டான். மினமாத்தாவுக்குப் போகலாம் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திய காலத்தில் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய பெயர் அது. பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. அது மட்டும்தானா காரணம் என்றால், இல்லை.

அதிவேக ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். ஷின்-மினமாத்தா நிலையத்தில் இறங்கி, ஒரே ஒரு பெட்டி ஓடும் டீசல் ரயிலுக்கு மாறினோம். அடுத்த நிலையம் மினமாத்தா. வெளியே வந்து தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே ஆலையின் வாசல்! நம் ஊர்களில் ரயிலை விட்டு இறங்கினால் காப்பிக் கடையோ கோயிலோ கண்ணில் படும். இங்கே ஊரே அந்த வாசலைப் பார்த்துத்தான் நிற்கிறது.

1908-ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பட்ட கம்பெனி பின்னாளில் சிஸ்ஸோ என்று பெயர் பெற்றது. இப்போது அந்த ஆலை வேறு பெயரில் நடக்கிறது. ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அதுதான் என்கிறார்கள். கம்பெனிக்குச் சொந்தமாக மருத்துவமனை இருந்தது. கம்பெனியில் வேலை என்றால் பெண் கொடுப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. துரை பங்களாவும் டிரெசர் ஆஸ்பத்திரியும் கம்பெனி வீடும் நமக்குத் தெரியாததா?

அந்த ஆலையில் 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்ற இரசாயனம் தயாரித்தார்கள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருளுக்கு அது மூலப்பொருள். தயாரிப்புக்குப் பாதரசம் வேண்டும். அந்தப் பாதரசத்தில் ஒரு பகுதி மெத்தில் பாதரசம் என்ற கொடிய வடிவம் எடுத்துக் கழிவுநீரோடு கடலில் கலந்தது. கடலின் நுண்ணுயிர்களைச் சிறு மீன் தின்றது. சிறு மீனைப் பெரிய மீன் தின்றது. பெரிய மீனை மனிதன் தின்றான். ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடிக்கொண்டே போனது. தண்ணீரில் மணமில்லை, மீனில் சுவை மாறவில்லை. யார் கண்டுபிடிப்பார்கள்?

பூனைகள்தாம் முதலில் காட்டிக்கொடுத்தன.

1950-களின் தொடக்கத்தில், கரையோர மீனவக் குடியிருப்புகளில் பூனைகள் தள்ளாடின, வட்டமடித்துச் சுற்றின, வாயில் நுரை தள்ளத் துள்ளித் துள்ளி ஆடின, சில கடலில் விழுந்து செத்தன. பூனையாட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலில் வேடிக்கையாகக்கூடப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிறகு எலி பெருகிவிட்டது, பிடிக்கப் பூனை இல்லை.

பிறகு மனிதர்கள். 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கம்பெனி மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறியது, கைகால் இழுத்தது. சில நாட்களில் அவள் தங்கைக்கும் அதே கதி. மே 1-ஆம் நாள், மருத்துவமனைத் தலைவர் டாக்டர் ஹொசொகாவா ஹாஜிமே, காரணம் தெரியாத மூளை நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். அந்த நாளையே நோய் கண்டறியப்பட்ட நாளாக இன்றும் கொள்கிறார்கள்.

இங்கே சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த நோயாளிகளை நேரில் கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கைவிரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாது. பார்வை குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போலக் குறுகிவிடும். காது கேளாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் தன்னிலை மறந்து கத்தினார்கள், சுவரைப் பிராண்டினார்கள், கட்டிப்போட வேண்டிய நிலைக்குப் போய் இறந்தார்கள். இதை நம் லயத்தில் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பேய் பிடித்தது என்போம், பைத்தியம் என்போம், பூசாரியைக் கூப்பிடுவோம். அங்கே தொற்றுநோய் என்று பயந்து தனிக்கொட்டகை மருத்துவமனையில் அடைத்தார்கள். வீடுகளுக்கு மருந்து தெளித்தார்கள். நோயாளி வீட்டார் கடைக்குப் போனால், கடைக்காரர் அவர்கள் கையிலிருந்து காசை வாங்காமல் குச்சியால் எடுத்தார். பிள்ளைகளோடு விளையாட மற்றப் பிள்ளைகளை விடவில்லை.

1959 ஜூலையில் கும்மாமோத்தோ பல்கலைக்கழகத்தார் பாதரசம்தான் காரணம் என்று அறிவித்தார்கள். கம்பெனி மறுத்தது. டாக்டர் ஹொசொகாவா கம்பெனியின் சம்பளக்காரர்தான். ஆனாலும் மனச்சாட்சி விடவில்லை. ஆலைக் கழிவுநீரைச் சோற்றில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் கொண்ட பூனைக்கு அந்த ஆண்டு அக்டோபரில் அதே ஆட்டம் வந்தது. கம்பெனிக்குச் சொன்னார். சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். முடிவு வெளியே வரவில்லை. 1970-ஆம் ஆண்டு, புற்றுநோயால் படுக்கையில் கிடந்தபோதுதான் நீதிமன்றத்துக்காக அதைச் சாட்சியாகச் சொன்னார். சில மாதங்களில் காலமானார். அவர் நல்லவரா, வாய்மூடி இருந்த குற்றவாளியா என்று மகன் என்னைக் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்து டிரெசர் ஒருவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மீனவர்கள் சும்மா இருந்தார்களா என்று கேட்பீர்கள். 1959 நவம்பரில் ஆலைக்குள் புகுந்து உடைத்தார்கள். அதற்கு ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? மேயரும் தொழிற்சங்கத்தாரும் வியாபாரிகளும் சேர்ந்து, ஆலைக் கழிவுநீரை நிறுத்திவிடாதீர்கள், ஊர் பிழைக்காது என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். ஆண்டு முடிவதற்குள், இறந்தவருக்கு 3 இலட்சம் யென், உயிரோடு இருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு 1 இலட்சம், குழந்தைக்கு 30,000 என்று 'அனுதாபப் பணம்' கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்க மாட்டோம் என்று ஒரு விதி அந்தத் தாளில் இருந்தது. அந்தத் தாளை நினைத்தால் இன்றும் என் வயிறு எரிகிறது. ஆலை அந்த இரசாயனத் தயாரிப்பை நிறுத்தியது 1968 மே மாதத்தில். அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது அதே ஆண்டு செப்டம்பரில். 1973-இல்தான் நீதிமன்றம் கம்பெனியைக் குற்றவாளி என்றது. அந்தப் பழைய தாளும் செல்லாது என்றது.

சரி, ஊரைப் பார்ப்போம். கடற்கரைக்கு நடந்தே போனோம். வழியில் ஹியாக்கென் என்ற இடத்தில் பழைய வாய்க்கால் மதகு இருக்கிறது. நஞ்சு கடலுக்குள் போன வாசல் அது. நம் தோட்டத்துக் கால்வாய் மதகைவிடப் பெரிதல்ல. இதுவா இவ்வளவும் செய்தது என்று நம்ப முடியவில்லை.

அதற்கு அப்பால் பரந்த பூங்கா. புல்தரை, விளையாட்டுத் திடல், மூங்கில், ரோஜாத் தோட்டம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நீங்கள் மிதிக்கும் புல்லின் கீழே இருப்பது பழைய கடல்! பாதரசச் சேறு படிந்த வளைகுடாவைத் தோண்டியும் மூடியும் 58 ஹெக்டர் நிலமாக்கியிருக்கிறார்கள். 1977-இல் தொடங்கிய வேலை 1990-இல் முடிந்தது. பிடித்த நஞ்சு மீன்களையும் டிரம்களில் அடைத்து இதற்குள்ளேயே புதைத்தார்கள். வளைகுடாவின் வாயில் மீன் வெளியேறாமல் போட்ட வலையை 1997-இல்தான் எடுத்தார்கள். இன்று அந்தக் கடலில் மீன் பிடிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். நாங்களும் சாப்பிட்டோம். நம் நெத்திலிக்குத் தம்பி போன்ற பொடி மீனைச் சுடுசோற்றின்மேல் தூவித் தந்தார்கள். முதல் வாயை வைக்கும்போது கை தயங்கியது, மறைப்பானேன்? பரிமாறிய பெண்மணி அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு தேநீர் ஊற்றினார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

கடலோரத்தில் சிறு சிறு கல் உருவங்கள் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றன. நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் நண்பர்களும் தம் கையால் செதுக்கியவை. இரண்டு உருவங்கள் ஒன்று போல இல்லை. சில சிரிக்கின்றன. ஒன்றின் கழுத்தில் யாரோ கம்பளித் துணி கட்டியிருந்தார்கள், குளிருமே என்று.

குன்றின்மேல் இருக்கும் அருங்காட்சியகம் 1993-இல் திறக்கப்பட்டது. அங்கே நான் நெடுநேரம் நின்றது டாக்டர் ஹராடா மசாசுமியைப் பற்றி நினைத்துக்கொண்டு. அவர் மனநோய், நரம்புநோய்த் துறையைச் சேர்ந்தவர். 1961-இல் மீனவர் வீடொன்றின் திண்ணையில் இரண்டு சிறுவர்களைக் கண்டார். இருவருக்கும் ஒரே மாதிரித் தளர்ச்சி. அண்ணனுக்கு மினமாத்தா நோய், தம்பிக்குப் பிறவி ஊனம் என்று டாக்டர்கள் எழுதிவைத்திருந்தார்கள். தம்பி மீனே தின்றதில்லையே! ஆனால் பெற்றவள் விடவில்லை. வயிற்றில் இவன் இருந்தபோது மீன் தின்றவள் நானல்லவா என்று கேட்டாள். தாயின் நஞ்சுக்கொடி எந்த நஞ்சையும் வடிகட்டிவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பியிருந்தது. படிக்காத தாய் சொன்னதே சரியாயிற்று. 1962-இல் 16 குழந்தைகள் கருவிலேயே நஞ்சுண்டவர்கள் என ஒப்புக்கொள்ளப்பட்டார்கள். ஜப்பானியர் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். நம்மவர் தாயத்துக்குள் வைத்துக் கட்டுகிறோமே, அதுபோல. ஹராடா வீடு வீடாகப் போய் அந்தக் கொடிகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார். உள்ளே மெத்தில் பாதரசம் இருந்தது.

இப்போது மனத்தைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். கை நடுங்கியவர்களையும் கண் குறுகியவர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாமல், தலைவலி, தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத கோபம், எதிலும் மனம் ஒட்டாமை என்று அவதிப்பட்டவர்கள்? அவர்களுக்கு நரம்புத் தளர்ச்சி என்றார்கள், முதுமை என்றார்கள். பணத்துக்கு நடிக்கும் போலி நோயாளி என்ற பட்டமும் கிடைத்தது. 1971-ஆம் ஆண்டு கும்மாமோத்தோ பல்கலைக்கழகத்தார் மினமாத்தாவிலும், ஓரளவு நஞ்சு எட்டிய கொஷொனோஊராவிலும், அதிகம் எட்டாத அரியாக்கேயிலும் மக்களைச் சோதித்துக் குறிப்பெழுதினார்கள். அந்தக் குறிப்புகளை எடுத்துக் கணக்கிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அறிவு மங்கலும், மனநிலையிலும் நடத்தையிலும் கோளாறும் மினமாத்தாவில் அரியாக்கேயைவிடப் பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. ஆக, 40 ஆண்டுகள் கழித்துத்தான் 'அவர்கள் நடிக்கவில்லை' என்பது கணக்கில் ஏறியது!

பாதரசம் மட்டும்தானா? நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். பெட்ரோலில் ஈயம் கலந்த காலம் அது. 11 வயதில் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு, 38 வயதுக்குள் மனநலக் குறைகள் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டன என்று 2019-இல் எழுதினார்கள். சற்றுத்தான். ஈயம் பட்ட எல்லோருக்கும் மனம் கெடும் என்று யாரும் சொல்லவில்லை. நீங்களும் அப்படி எடுத்துக்கொண்டு பயப்படாதீர்கள்.

மினமாத்தாவில் கதை முடிந்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். கும்மாமோத்தோ, ககோஷிமா இரு மாநிலங்களிலும் நோயாளி என்று முறையாகச் சான்று பெற்றவர்கள் 2,200-க்குச் சற்று மேல். சான்று கிடைக்காமல் வழக்காடியவர்கள் ஆயிரக்கணக்கில். 2024 மே 1-ஆம் நாள் நினைவு விழாவுக்குப் பின் நடந்த கூட்டத்தில் நோயாளர் சங்கத்தினர் சுற்றுச்சூழல் அமைச்சர் முன் பேசினார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். இறந்துபோன தம் மனைவியைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, நேரமாகிவிட்டது என்று ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். நாடே கொதித்தது. ஒரு வாரத்தில் அமைச்சர் நேரில் வந்து தலைவணங்கி மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும்போது கடையில் அமநத்சு என்னும் பெரிய புளிப்பு ஆரஞ்சும், அதில் செய்த ஜாமும் வாங்கினோம். கடலை இழந்த மீனவர்கள் மலைச்சரிவில் வளர்க்கத் தொடங்கிய பழம் இது. தாங்கள் நஞ்சுண்டவர்கள், பிறருக்கு நஞ்சு கொடுக்கமாட்டோம் என்று பூச்சிமருந்தைக் குறைத்தே வளர்க்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அத்தையின் முதுகில் தொங்கிய டின் கண்முன் வந்தது.

அத்தை எங்கள் தோட்டத்தில் புல்மருந்து அடித்தவர். எனக்கு ஏழெட்டு வயது, 1960-களின் தொடக்கம். லாலாங் புல்லைக் கொல்ல அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் சோடியம் ஆர்செனைட் அடித்தார்கள். பாசாணம் என்று நாம் சொல்வதன் உப்பு அது. கையுறை இல்லை, முகத்துணி இல்லை. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். அத்தையின் உள்ளங்கை கருவேலம்பட்டை போலத் தடித்திருக்கும். பாதம் எரிகிறது என்று இரவெல்லாம் ஈரச்சாக்கில் காலை வைத்துக்கொள்வார். பிறகு தானாகப் பேச ஆரம்பித்தார். பக்கத்து வீட்டார் சோற்றில் எதையோ போட்டுவிட்டார்கள் என்பார். என்னைத் தூக்கி வளர்த்தவர், என் பெயரை மறந்தார். வேப்பிலையால் அடித்தார்கள்; தாயத்துக் கட்டினார்கள்; தஞ்சோங் ரம்புத்தான் என்று பிள்ளைகள் பின்னால் கத்தின. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 1971-இல் இறந்துபோனார்.

பாசாணம் நெடுநாள் உடலில் சேர்ந்தால் உள்ளங்கை தடிக்கும், பாதம் எரியும், நினைவு குழம்பும் என்று பிற்காலத்தில் படித்தேன். அத்தைக்கு வந்தது அதுதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நான் டாக்டர் அல்ல. சோதித்துப் பார்க்க அவர் தொப்புள்கொடியும் இல்லை.

ஊர் திரும்பிய மறுவாரம், எங்கள் பழைய தோட்டத்து டிரெசரைத் தேடிப்போனேன். வயது 90-ஐ நெருங்குகிறது. மகள் வீட்டில் தாமான் ஒன்றில் இருக்கிறார். மினமாத்தா ஜாம் புட்டியைக் கொடுத்துவிட்டு, "ஐயா, மருந்து கேங்கில் வேலை செய்தவர்களுக்கு என்ன நோய் வந்தது என்று எப்போதாவது எழுதி வைத்தீர்களா?" என்று கேட்டேன்.

"கால் எரிச்சல்னு வருவாங்கம்மா. தைலம் கொடுத்து அனுப்புவேன். எழுதச் சொல்லி யார் சொன்னாங்க?" என்றார்.

கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏழு பொம்பளைங்க அந்தக் கேங்குல. உங்க அத்தையைச் சேர்த்து" என்று சொல்லி, விரலை மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். கைப்பையில் பேனா இருந்தது. தாள் இல்லை. ரயில் டிக்கெட் உறையைக் கிழித்து எழுதிக்கொண்டேன்.